கல் வேண்டாம் என்று சொல்ல எத்தனை மென்பொருள்? மின்பாடம் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ‘கல்’ என்றால் காயை அவசரமாகப் பழுக்க வைக்கும் கால்சியம் கார்பைடு. காகிதத்தில் மடித்துப் பெட்டிக்குள் வைத்தால், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயுவை விடும். தோல் சீக்கிரமே மஞ்சளாகிவிடும், உள்ளே புளிப்பு அப்படியே கிடக்கும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் பழம் பழுக்க வைக்க அதற்குத் தடை உண்டு. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) வரை பயன்படுத்த அனுமதி இருக்கிறது. விஷயம் இவ்வளவுதான். எனக்குத் தெரிந்த மண்டிக்காரர் ஒருவர் கேட்டதும் இவ்வளவுதான்: “நம்ம ஆளுங்களுக்கு இதை போன்லயே சொல்லித் தர்ற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு தம்பி.”

அந்தப் பத்து நிமிடப் பாடத்துக்காக நான் திறந்த மென்பொருள்கள் ஒன்பது. காவேரிப்பட்டணத்தில் வீட்டில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிகளுக்குப் பயிற்சிப் பாடம் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் என்று அதற்குப் பெயர். பி.எட். முடித்துவிட்டு, ஓசூரிலோ பெங்களூரிலோ இந்த வேலைக்கு முயற்சி செய்கிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?” என்பதைத்தான். அது முதல் கேள்வியாக வரக் கூடாது. படிக்கப் போகிறவரின் கையில் இருக்கும் போனில் ஆரம்பித்துப் பின்னோக்கி நடந்தால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். மண்டிப் பாடத்தையே எடுத்துக்கொண்டு அந்த வரிசையில் போவோம்.

படி 1: கணினியை மூடி வைத்துவிட்டு மண்டிக்குப் போங்கள்

இந்தத் துறையில் எல்லோரும் ‘ஆடி’ (ADDIE) என்று ஒரு வரிசையைச் சொல்வார்கள். மாதம் அல்ல. ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறை, மதிப்பீடு என்ற ஐந்து கட்டங்களுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். 1975இல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. கடையில் விற்கும் மென்பொருளில் பெரும்பகுதி மூன்றாவது கட்டத்துக்கானது. முதல் கட்டத்துக்கு ஒரு நோட்டும், போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரும், நாலைந்து டீக்குச் சில்லறையும் போதும்.

மூன்று கேள்விகளோடு போங்கள். தவறு சரியாக எந்த இடத்தில் நடக்கிறது? செய்தவர் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? அந்த நேரத்தில் அவர் கையும் கண்ணும் எங்கே இருக்கின்றன? நடுக் கேள்விதான் உயிர். தெரிந்தே செய்கிற தவறைப் பாடம் திருத்தாது. அங்கே மேற்பார்வையும் கூலிக் கணக்கும்தான் மாற வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ‘பாடம் வேண்டாம்’ என்று சொல்வதும் நம் வேலைதான்.

மண்டியில் நான் கண்டது வேறு. அங்கே யாரும் கல் வைக்கவில்லை. வெளியிலிருந்து வரும் சில கிரேட்டுகளில், அதாவது பழப் பெட்டிகளில், கல் பொட்டலம் இருக்கும். இறக்குகிறவர் அதை எடுத்து ஓரமாக வீசிவிட்டுப் பழத்தை மற்ற பழத்தோடு கொட்டிவிடுவார். கெட்டதை எறிந்துவிட்டேன் என்பது அவர் நினைப்பு. ஆக, ‘கார்பைடின் தீமைகளை அறிந்துகொள்வார்’ என்ற நோக்கத்தால் ஒரு பயனும் இல்லை. நான் எழுதிக்கொண்ட நோக்கம் இது: ‘பொட்டலம் கண்டால் தொடாமல் அந்த கிரேட்டைத் தனியே வைத்து மேஸ்திரியைக் கூப்பிடுவார்.’ கற்றல் நோக்கங்களை அடுக்கிய பெஞ்சமின் ப்ளூமின் வகைப்பாடு 1956இல் வந்தது, 2001இல் அதைத் திருத்தியவர்கள் வினைச்சொற்களாக மாற்றினார்கள். அறிவார், உணர்வார் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வினைகள். மேஸ்திரியைக் கூப்பிட்டாரா இல்லையா என்பதை நின்று பார்க்கலாம்.

கிளம்பும் முன் அவர்களுடைய போன்களையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, திரை எவ்வளவு, நெட் பேக் எப்படி என்று குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் அன்று எழுதிய முக்கியமான வரி: ‘பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது, தெலுங்கு பேசுவார்கள், எல்லோருக்கும் தமிழ் கேட்டால் புரியும்.’ இந்த மாவட்டத்தில் இது ஆச்சரியமே இல்லை. ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தால் எழுத்து நிறைந்த பாடத்தைத்தான் செய்திருப்பேன். குரல்தான் முதன்மை என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

படி 2: காலிப் பெட்டியை ஏற்றிப் பாருங்கள்

இதைப் பலர் கடைசியில் செய்வார்கள். நான் இரண்டாவதாகச் செய்கிறேன், பட்ட அனுபவம் அப்படி. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்துக்கு மூன்று வாரம் உழைத்து ஒரு பாடம் செய்து கொடுத்தேன். அவர்கள் தளத்தில் ஏற்றியபோது, எல்லோரும் முடித்தும் ‘முடிக்கவில்லை’ என்றே காட்டியது. பாடத்தில் பிழை இல்லை, அதைத் தளத்துக்கேற்ற கோப்பாகக் கட்டிய முறையில்தான் பிழை.

பாடத்தை வைத்து, யார் படித்தார்கள் என்று கணக்குப் பார்க்கும் தளத்துக்கு எல்எம்எஸ் என்று பெயர். இலவசமாகக் கிடைப்பவற்றில் பெயர்பெற்றது மூடுல். மார்ட்டின் டூஜியாமஸ் தொடங்கியது, முதல் பதிப்பு 2002இல் வந்தது. பாடமும் தளமும் பேசிக்கொள்ளும் மொழிதான் ஸ்கார்ம். இதில் 2001இல் வந்த 1.2 என்ற பழைய பதிப்பு இன்றும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பின்னால் வந்த ஸ்கார்ம் 2004 வசதியானதுதான், ஆனால் மூடுலில் அதற்கு முறையான ஆதரவு இல்லை. அதனால் வாடிக்கையாளரிடம் முதல் நாளே கேளுங்கள்: உங்கள் எல்எம்எஸ் எது, எந்த ஸ்கார்ம், ஒரு கோப்பு எத்தனை எம்பி வரை ஏறும்?

பிறகு ஒரே ஒரு திரை உள்ள காலிப் பாடம் ஒன்றைச் செய்து, ஸ்கார்ம் 1.2ஆக வெளியிட்டு, ஸ்கார்ம் கிளவுட் என்ற சோதனைத் தளத்தில் இலவசக் கணக்கில் ஏற்றிப் பாருங்கள். அங்கே ஓடினால் பாடத்தில் குறையில்லை. அதன்பின் வாடிக்கையாளர் தளத்தில் ஏற்றுங்கள். அங்கே ஓடாவிட்டால் குறை தளத்தில். யார் தலையில் பழி விழும் என்பது இப்படி முன்கூட்டியே தெளிவாகிவிடும்.

இந்த இடத்தில் வழக்கமாகக் கால் இடறும் மூன்று கற்கள் உண்டு. ஜிப் கோப்பைத் திறந்ததும் ‘ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட்’ என்ற கோப்பு வெளியிலேயே தெரிய வேண்டும். ஃபோல்டரையே சேர்த்து ஜிப் செய்தால் அது ஒரு அடுக்கு உள்ளே போய்விடும், தளம் ‘இது பாடமே இல்லை’ என்று திருப்பி அனுப்பும். அடுத்து, 1.2இல் படித்து முடித்தாரா என்பதும் தேர்வில் தேறினாரா என்பதும் ஒரே கட்டத்தில்தான் எழுதப்படும். தளம் ‘தேறினார்’ என்பதை எதிர்பார்க்க, பாடம் ‘முடித்தார்’ என்று அனுப்பினால் கணக்கு இடிக்கும். என் மூன்று வாரத்தை விழுங்கியது இதுதான். மூன்றாவது, விட்ட இடத்தை நினைவில் வைக்க 1.2 தருவது 4,096 எழுத்துக்கான இடம் மட்டுமே. நீளமான பாடத்தில் அது நிரம்பி, மறுநாள் திறந்தால் முதல் திரைக்கே திரும்பிவிடும். பாடத்தைச் சிறிதாக வெட்டுவதே இதற்கு மருந்து.

மண்டிக்கு எல்எம்எஸ் ஏது? தெரிந்த பயிற்சி நிலையம் ஒன்றின் மூடுலில் ஓரிடம் கிடைத்தது. மூடுலின் போன் செயலியில் ஸ்கார்ம் 1.2 பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலும் பார்க்கலாம். தகரக் கொட்டகைக்குள் சிக்னல் கிடைக்காத இடத்துக்கு அது பெரிய உதவி.

படி 3: ஸ்டோரிபோர்டு

எந்தத் திரையில் என்ன வரும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் திட்டம்தான் ஸ்டோரிபோர்டு. கூகுள் டாக்ஸில் ஒரு அட்டவணை போதும். திரை எண், திரையில் வரும் எழுத்து, குரல், படம், தொட்டால் என்ன நடக்கும், குறிப்பு என்று ஆறு பத்திகள். மண்டிக்காரருக்கு லிங்க் அனுப்பினால் திறக்க மாட்டார். நான் அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். ‘பழக்கூடை’ என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் அவர் ‘கிரேட்டு’ என்று மாற்றினார். மாம்பழ ரகத்தைத் தோத்தாபுரி என்று எழுதியதை அடித்து ‘பெங்களூரா’ என்றார். இந்தத் திருத்தங்களை எந்த மென்பொருளும் செய்யாது.

குரல் பத்தியில் எழுதியதையே திரைப் பத்தியிலும் எழுதாதீர்கள். குரல் சொல்வதை அப்படியே எழுத்திலும் ஓடவிட்டால் கற்றல் குறைகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் சோதனைகள் செய்து காட்டியிருக்கிறார். திரையில் பொட்டலத்தின் படம், ‘தொடாதே’ என்ற ஒற்றைச் சொல். மற்றதைக் குரல் சொல்லட்டும். நீளக் கணக்கு: நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்குத் தொண்ணூறு தமிழ்ச் சொல் போகிறது. நீங்களும் ஒரு பக்கம் படித்து, கடிகாரம் பார்த்து உங்கள் கணக்கை எடுத்துவையுங்கள்.

படி 4: தமிழ் எழுத்து உடைகிறதா என்று பாருங்கள்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் படியே இருக்காது. நமக்கோ இதில்தான் பாதி ராத்திரி போகும்.

நிறுவனங்கள் தரும் பழைய கோப்புகள் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ இருக்கும். அவற்றை முதலில் எல்லாக் கருவிக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசம். மாற்றியபின் ஒரு முறை முழுக்கப் படியுங்கள், எண்களும் நிறுத்தக்குறிகளும் அடிக்கடி இடம் மாறியிருக்கும். தட்டச்சுக்கு 1999இல் சென்னை மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழகிவிடுங்கள். ஒரு வாரம் கை தடுமாறும், பிறகு வேகம் பிடித்துவிடும்.

எந்தக் கருவியை வாங்கும் முன்பும் இந்த ஒரு வரியை அதில் ஒட்டிப் பாருங்கள்: ‘கொய்யா, கோயில், கௌரி, ஸ்ரீ, லட்சுமி, பெங்களூரா’. கொ, கோ, கௌ ஆகியவற்றில் கொம்பு முன்னாலும் காலோ சிறகோ பின்னாலும் ஒட்ட வேண்டும். கொம்பு கழன்று பின்னால் போனாலோ, புள்ளிக்கு வட்டம் முளைத்தாலோ அந்தக் கருவிக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்புக்குள் போய் தெற்காசிய மொழிகளுக்கான ‘வேர்ல்டு ரெடி’ தேர்வுக்கு மாற்றினால் சரியாகும். எடிட்டரில் சரியாகத் தெரிந்துவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். வெளியிட்டபின் போனில் பாருங்கள், அதுதான் தீர்ப்பு.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் பாதுகாப்பானது. உரிமச் சிக்கல் இல்லை. வரி இடைவெளியை ஒன்றரை அளவுக்கு வையுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் உகரக் கொக்கி கீழ்வரியின் விசிறியில் மாட்டிக்கொள்ளும். பொத்தான்களில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று எழுதி அது வெளியே வழிவதைப் பார்த்துத் திட்டாதீர்கள். ‘சரி பார்’ போதும். பாடத்தைக் கட்டும் கருவியான ஸ்டோரிலைனில் பிளேயர் அமைப்புக்குள் ‘டெக்ஸ்ட் லேபிள்ஸ்’ என்ற இடத்தில் ‘நெக்ஸ்ட்’, ‘பேக்’ எல்லாவற்றையும் தமிழாக்கலாம். இதைச் செய்யாமல் வெளியான தமிழ்ப் பாடங்கள் ஏராளம். இன்னொன்று: கோப்புக்கும் ஃபோல்டருக்கும் தமிழில் பெயர் வைக்காதீர்கள். பற்று எனக்கும் உண்டு, ஆனால் பல கருவிகளுக்கு அந்த வழி புரியாது.

படி 5: படமும் குரலும்

படத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். போனில் மண்டியிலேயே எடுங்கள். முகம் தெரிந்தால் அனுமதி கேளுங்கள். படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் 1280 பிக்சல் அகலத்துக்குக் குறையுங்கள், அம்புக்குறி, வட்டம் போன்றவற்றை இங்க்ஸ்கேப்பில் வரையுங்கள். கேன்வா வேகமானது, ஆனால் அதன் டெம்ப்ளேட்டில் வரும் தொழிலாளி மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிரிப்பார். நம் ஆள் தலையில் துண்டு கட்டியிருப்பார். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் நெறிகள் சொல்கின்றன. மே மாத வெயிலில் போனைப் பிடித்துப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

குரலில்தான் நான் நேரம் செலவழிப்பேன். ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி இலவசம். மோனோ, 44,100 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பேசும் முன் ஐந்து விநாடி சும்மா பதிவு செய்யுங்கள். அந்த மௌனத்தில் ஃபேன், தூரத்து ஹைவே லாரி எல்லாம் இருக்கும். அதை மட்டும் தேர்ந்தெடுத்து ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ போய் ‘கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்’ அழுத்துங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே இடத்துக்கு வந்து 6 முதல் 12 டெசிபல் குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். அறைக்குப் பஞ்சு ஒட்டத் தேவையில்லை. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள். ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ போட்டு எல்லாத் திரையின் ஒலியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எம்பி3, 64 கேபிபிஎஸ், மோனோ என்று ஏற்றுமதி செய்தால் ஒரு நிமிடம் 480 கேபி. பத்து நிமிடப் பாடத்தின் குரல் முழுதும் 5 எம்பிக்குள் அடங்கும். மூல வேவ் கோப்பை அழிக்காதீர்கள்.

செயற்கைக் குரல் போடலாமே என்பார்கள். போட்டுப் பார்த்தேன். ‘செந்தூரா’ என்ற மாம்பழப் பெயரை ஒரு மாதிரியும் ‘100 பிபிஎம்’மை இன்னொரு மாதிரியும் உச்சரித்தது. கடைசியில் மேஸ்திரியே பேசிக் கொடுத்தார். “ஏப்பா, அதைத் தொடாதே” என்று அவர் அதட்டுகிற தொனி எந்த மென்பொருளிலும் கிடைக்காது. அவர் குரலைக் கேட்டுத்தான் ஆட்கள் பாடத்தைத் திறந்தார்கள்.

படி 6: வீடியோ தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. மண்டிப் பாடத்தில் 40 விநாடி மட்டும் உண்டு: கிரேட்டைப் பிரிப்பது, ஒதுக்குவது, ஆளைக் கூப்பிடுவது. ஷாட்கட்டில் வெட்டி, ஹேண்ட்பிரேக்கில் 720பி, தரம் ஆர்எஃப் 24 என்று சுருக்கினேன்.

ஆனால் ஓசூர், பெங்களூர் கம்பெனிகளுக்குக் கணினித் திரையைப் பதிவு செய்யும் வேலை நிறைய வரும். காசு கொடுக்க முடிந்தால் கேம்டேசியா, இல்லாவிட்டால் ஓபிஎஸ். ஓபிஎஸ்ஸில் நேராக எம்பி4இல் பதியாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமலே போய்விடும். எம்கேவியில் பதிந்தால் அதுவரை பதிந்தது தப்பிக்கும். முடிந்தபின் ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ்’ கொடுத்தால் சில நொடிகளில் எம்பி4 ஆகிவிடும். நம் ஊரில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு தகவலே ஒரு யுபிஎஸ்ஸுக்குச் சமம்.

படி 7: இப்போது கேளுங்கள், எந்த சாஃப்ட்வேர்?

பாடத்தைக் கோத்துக் கட்டும் கருவிக்கு ஆத்தரிங் டூல் என்று பெயர். நேர்காணலில் எல்லோரும் கேட்பது ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன். 2012இல் வந்தது. விண்டோஸில் மட்டும் ஓடும், சந்தா டாலரில், சோதித்துப் பார்க்கச் சில நாள் இலவசம். பவர்பாயிண்ட் தெரிந்தவருக்கு முதல் நாளே கை வரும். அதன் பிறகு கற்க வேண்டியவை நான்கு: ஒரு திரைக்கு மேல் இன்னொன்றைப் போர்த்தும் லேயர், ஒரு பொருளின் நிலை மாறும் ஸ்டேட், ‘இதைத் தொட்டால் அது நடக்கட்டும்’ என்னும் ட்ரிக்கர், நடந்ததை நினைவில் வைக்கும் வேரியபிள். இந்த நான்கும் தெரிந்தால் ஸ்டோரிலைன் தெரியும். கோப்பைக் கணினியின் சொந்த டிஸ்க்கில் வைத்தே வேலை செய்யுங்கள். பென்டிரைவிலோ நெட்வொர்க்கிலோ திறந்து வேலை செய்தால் கோப்பு கெட்டுப்போக வாய்ப்புண்டு.

அதே சந்தாவில் வரும் ரைஸ், பிரவுசரிலேயே வேலை செய்வது. போன் திரைக்குத் தானே மடங்கிக்கொள்ளும், அலங்கார சுதந்திரம் குறைவு. பவர்பாயிண்ட்டை விட்டு வர மாட்டேன் என்பவருக்கு ஐஸ்பிரிங். அடோபியின் கேப்டிவேட்டை நான் விட்டுப் பல நாள் ஆகிறது, அதனால் நியாயமாகச் சொல்ல முடியாது.

காசில்லாத வழி எச்5பி, பிரவுசரில் ஓடும் பாடங்களைக் கட்டும் இலவசக் கருவி. மூடுல் 3.9 பதிப்பிலிருந்து, அதாவது 2020 முதல், அதற்குள்ளேயே எச்5பி பாடத்தை உருவாக்கலாம். சர்வர் இல்லாதவர்கள் லூமி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு எச்5பி பாடம் செய்து ஸ்கார்மாக எடுத்துக்கொள்ளலாம். மண்டிப் பாடத்தை நான் லூமியில், தேர்ந்தெடுக்கும் விடைக்கேற்பக் கதை கிளைபிரியும் ‘பிராஞ்சிங் சினாரியோ’ என்ற வகையில் கட்டினேன். கட்டிய விதம் இது.

முதல் திரை: லாரி வந்து நிற்கிறது. கிரேட்டைத் திறந்ததும் காகிதப் பொட்டலம். கேள்வி: என்ன செய்வீர்கள்? மூன்று படங்கள், எழுத்து ஒற்றைச் சொல்தான். எடுத்து வீசுவது, மூடி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பது, ஒதுக்கிவிட்டுக் கூப்பிடுவது. வீசினால் அடுத்த திரையில் பொடி கையில் ஒட்டியிருக்கும், பழம் கலந்திருக்கும், மேஸ்திரி அதட்டுவார், திரும்ப முதல் திரை. மூடி வைத்தால் மாலையில் ஆய்வுக்கு அதிகாரி வருவார். சரியான வழியில் போனால் அந்த கிரேட் என்ன ஆகிறது என்று காட்டும். தவறான விடைகளை நான் கற்பனை செய்யவில்லை. முதல் படியில் கண்ணால் பார்த்தவைதான் அவை. யாருமே செய்யாத முட்டாள்தனத்தைத் தவறான விடையாக வைத்தால், குழந்தைக்கும் சரியான விடை தெரிந்துவிடும். ஏஐயிடம் கேட்டு வினா எழுதுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான்.

படி 8: ஐந்து பேரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

சோதனைக்கு உங்கள் போனைக் கொடுக்காதீர்கள். அவர்கள் போனில், அவர்கள் நெட்டில், அவர்கள் நிற்கும் இடத்தில் நடக்கட்டும். பக்கத்தில் நின்று எங்கே விரல் தயங்குகிறது என்று மட்டும் எழுதுங்கள். உதவிக்கு வாய் துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பாடத்தில் முதல் ஆளே முதல் திரையில் நின்றுவிட்டார். ‘தொடங்கு’ பொத்தான் பச்சை நிறத்தில் இலைப் படத்தின் மேல் இருந்தது, அவருக்கு அது மாவிலையாகவே தெரிந்தது. குறைகளை ஒரு ஷீட்டில் திரை எண்ணோடு எழுதி ஒவ்வொன்றாக அடியுங்கள்.

வெளியிட்டபின் மூடுல் தரும் அறிக்கையில் யார் முடித்தார்கள் என்று தெரியும், அதோடு நிற்காதீர்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் மதிப்பீட்டை நான்கு மட்டமாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, பலன் வந்ததா. எல்எம்எஸ் இரண்டாவதோடு நின்றுவிடும். மூன்றாவதற்கு நான் வைத்த கருவி, மண்டிச் சுவரில் மாட்டிய ஒரு காலண்டர். ஒதுக்கிய கிரேட் ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரி அந்தத் தேதியில் ஒரு கோடு போடுவார்.

கடைசியாக, எல்லா மூலங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு இரண்டு இடத்தில் வையுங்கள்: ஸ்டோரிபோர்டு, வேவ் கோப்புகள், மூலப் படங்கள், எழுத்துரு, லூமி கோப்பு, வெளியிட்ட ஜிப். பெயரில் ‘ஃபைனல்’ என்று எழுதாமல் தேதியை எழுதுங்கள். இந்த வருடம் ஏப்ரலில் மண்டிக்காரர் போன் செய்தார். “தம்பி, அந்த மேஸ்திரி நின்னுட்டாரு, புதுசா வந்தவரு குரலைப் போட்டுக் குடு” என்றார். ஃபோல்டர் இருந்ததால் ஒரு மத்தியானத்தில் முடிந்தது.